மகளுக்கு: குளிருக்குள் சைக்கிள் ஓட ஒரு ஜக்கெற்

ஒட்டுசுட்டான்,
கார்த்திகை மாதம்.

அன்பு மகள்,

கோப்பன்ஹேகன் குளிருக்குள் சைக்கிளில் வேலைக்குப் போக எது நல்லது என்று நீ அனுப்பிய மூன்று ஜக்கெற் படங்களையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். லேபலில் இருந்த ஆங்கிலத்தைப் பெரியப்பா வாசித்து விளங்கப்படுத்தினார். போனில் சொல்லத் தொடங்கினால் பாதியில் உனக்கு வேலைக்கு நேரமாகிவிடுகிறது. எழுதி அனுப்பினால் கடையில் நிற்கும்போதும் எடுத்துப் பார்ப்பாய்.

முடிவை முதலே சொல்கிறேன். அந்த மொத்தமான கறுப்பு வேண்டாம். வாத்துத் தூவி அடைத்த நீலம் நல்ல சாமான்தான், ஆனால் சைக்கிளுக்கு வேண்டாம். மூன்றாவதாக இருக்கிற மெல்லிய செம்மஞ்சள் ஜக்கெற்றை வாங்கு.

"இவ்வளவு மெல்லிசு போட்டால் விறைத்துப்போவேன் அம்மா" என்றாய். பஸ் தரிப்பில் நிற்கிற பிள்ளைக்கு அது காணாது, சரி. நீ மிதித்துக்கொண்டு போகிறவள். பெரியப்பா இத்தனை வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவர் அல்லவா, கொப்பியில் எழுதியே காட்டினார். சைக்கிள் மிதிக்கும்போது உடம்பு செலவழிக்கிற சக்தியில் ஏறத்தாழக் கால்வாசிதான் பெடலுக்குப் போகிறதாம். மிச்சம் முழுக்கச் சூடாகிறது. சும்மா உட்கார்ந்திருக்கிற ஆளின் உடம்பிலிருந்து 100 வாட் அளவில் வெப்பம் வருகிறது என்றால், கொஞ்சம் கெதியாக மிதிக்கிற ஆளிடமிருந்து அதைப்போல மூன்று நாலு மடங்கு வரும். அதற்கு மேல் மொத்த ஜக்கெற்றைப் போட்டால் பத்து நிமிடத்தில் வேர்க்கத் தொடங்கும். வேர்வை வெளியேற வழியில்லாத துணி என்றால், புட்டுப் பானை மூடியின் உட்பக்கம் மாதிரி ஜக்கெற்றின் உட்பக்கம் முழுக்கத் தண்ணீர் நிற்கும்.

குளிர் பிடிப்பது அதற்குப் பிறகுதான். தண்ணீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு கெதியாகச் சூட்டைக் கடத்தும். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் தையல் மெசினின் தலையைக் கரியரில் கட்டி, மாரி மழைக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனோமே, உனக்கும் நினைவிருக்கும். உருட்டும் மட்டும் குளிர் தெரியாது. ஒரு மரத்துக்குக் கீழே நின்ற உடனே பல்லுக் கிடுகிடுக்கும். வன்னியில் எவ்வளவு குளிர் இருந்துவிடப் போகிறது, இருபது பாகைக்குக் கீழே போவதே அருமை. நனைந்த பருத்திச் சட்டையோடு அசையாமல் நின்றதுதான் நடுக்கத்துக்குக் காரணம். இருபது பாகையிலேயே அப்படி என்றால், வேர்த்த உடம்போடு பூச்சியம் பாகையில் சிக்னலுக்கு நிற்கிற உன்னை நினைத்துப் பார்.

ஆகவே புறப்படும்போது கொஞ்சம் குளிர வேண்டும். வாசலில் நிற்கும்போதே கதகதப்பாக இருந்தால் அன்றைக்குக் கூடப் போட்டுவிட்டாய் என்று வைத்துக்கொள். ஒன்றைக் கழற்றிப் பையில் வை.

இனி அந்தத் தூவி ஜக்கெற். கனடாவிலிருந்து வந்த சித்தி போன வருடம் ஒன்றை இங்கே விட்டுவிட்டுப் போனா. சிப் போய்விட்டது, மாற்றித் தா என்றா. ஓரத் தையலைப் பிரித்தேன், உள்ளே இருந்தது மெல்ல மெல்ல வெளியே வந்து அறை முழுக்கப் பறந்தது. ஒன்றைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தேன். சாதாரண இறகு மாதிரி நடுத்தண்டு கிடையாது. ஒரு சின்னப் புள்ளி, அதிலிருந்து எல்லாப் பக்கமும் மயிரிழைகள். அந்த இழைகளுக்கு இடையில் அசையாமல் நிற்கிற காற்றுத்தான் சூட்டை மறித்து வைத்திருக்கிறது. ஒரு அவுன்ஸ் தூவி எத்தனை கன அங்குலம் பொங்கி நிற்கும் என்பதைத்தான் லேபலில் 600, 700, 800 என்று போடுகிறார்கள். எண் கூடக் கூடப் பாரம் குறையும், சூடு அப்படியே இருக்கும். அந்த விடயத்தில் தூவியை எதுவும் வெல்லாது.

ஆனால் ஈரக் கையால் அதைத் தொட்டேன். அவ்வளவு பொங்கி நின்றது அப்படியே சுருண்டு ஒரு நூல் துண்டாகப் போய்விட்டது. காற்று நிற்க இடமே இல்லை. நல்ல வெயிலில் காய்ந்த பிறகுதான் திரும்ப எழும்பியது. அந்த வெயிலுக்கு மார்கழியில் நீ எங்கே போவாய்? கோப்பன்ஹேகனில் தை மாதம் பூச்சியத்துக்கு ஒன்று இரண்டு பாகை மேலேதான் நிற்கிறது, மழையும் ஈரப் பனியுமாக இருக்கிறது என்று நீதான் சொன்னாய். உலர்ந்த கடுங்குளிர் என்றால் நானே தூவியை வாங்கு என்று சொல்லியிருப்பேன். உன்னுடைய குளிர் ஈரக் குளிர், அதோடு உள்ளே வேர்வையும் இருக்கிறது.

செம்மஞ்சள் ஜக்கெற்றுக்குள் இருப்பது பொலியெஸ்ரர் இழை. லேபலில் பிறிமாலொஃப்ற் என்று இருந்தது. 1980களில் அமெரிக்க இராணுவம், நனைந்தாலும் சூடு குறையாத, தூவிக்குப் பதிலான ஒன்று வேண்டும் என்று கேட்டதனால் செய்யப்பட்டதாம். நனைந்தாலும் ஓரளவு சூடு தரும், கெதியாகக் காயும். 60 கிராம் என்று போட்டிருப்பது ஒரு சதுர மீற்றருக்கு உள்ளே இருக்கிற இழையின் நிறை. உனக்கு அது போதும். 100, 133 எல்லாம் அசையாமல் நிற்கிறவர்களுக்கு. ஜக்கெற்றின் கைப் பகுதியில் 40 இருந்தாலும் குறையில்லை.

இப்போது எனக்குத் தெரிந்த வேலைக்கு வருகிறேன், இதைக் கொஞ்சம் வடிவாக வாசி.

முதலில் முன்பக்கத் துணி. வாயைத் துணியோடு ஒட்டி வைத்து ஊது, மறுபக்கத்தில் கையைப் பிடி. காற்று கையில் பட்டால் வேண்டாம். அமாகர் தீவிலிருந்து லாங்கபுறோ பாலத்தில் ஏறும்போது காற்று முகத்தில் அறைகிறது என்றாயே. காற்றே அடிக்காத நாளிலும் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் ஓடினால் அந்தக் காற்றை நீயே உண்டாக்குகிறாய். பூச்சியம் பாகை அப்போது தோலுக்கு மைனஸ் 5 மாதிரித் தெரியும். மைனஸ் 5 என்றால் மைனஸ் 12க்குக் கிட்டப் போகும். முன்பக்கம் காற்றை மறிக்க வேண்டும், முதுகுப் பக்கம் மெல்லிய பின்னல் துணியாக இருந்து ஆவியை வெளியே விட வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே துணி போட்ட ஜக்கெற் நடக்கிறவர்களுக்குத் தைத்தது.

அப்புறம் முன்பக்கத்துத் தையல் கோடுகளை எண்ணு. ஊசி போன இடமெல்லாம் ஓட்டை. தையல் ஓடுகிற இடத்தில் உள்ளே இருக்கிறதும் நசிந்து போயிருக்கும், குளிர் அந்த வழியாகத்தான் வரும். தூவி ஒரு பக்கம் ஒதுங்கிவிடும் என்பதால் நெருக்கமாகத் தைத்தே ஆக வேண்டும். பொலியெஸ்ரர் பாய் விரித்த மாதிரி இருக்கும், அதற்கு நாலைந்து கோடு போதும்.

அளவு பார்க்கும்போது கண்ணாடிக்கு முன்னால் நிமிர்ந்து நின்று பார்த்துத் திருப்திப்படாதே. கடைக்குள் வெட்கப்படாமல் குனிந்து, ஹாண்டிலைப் பிடித்திருக்கிற மாதிரி இரண்டு கையையும் முன்னால் நீட்டு. அப்படி நீட்டினால் கை நுனி மூன்று விரல் அளவுக்குப் பின்னால் இழுக்கும், முதுகுப்பக்கம் அதைவிட மேலே ஏறும். பள்ளிக்கூடச் சட்டை தைத்த காலத்திலிருந்தே உனக்குக் கை நீளம், இடது தோள் கொஞ்சம் பதிவு. உன் அளவுக்கு என்று எடுக்கிற ஜக்கெற்றில் கை நீளம் போதாமல் போகும். ஆகவே பின்பக்கம் முன்பக்கத்தைவிட நீளமாக வெட்டியதாகவும், கை விளிம்பு கையுறைக்கு உள்ளே போகிற மாதிரி இறுக்கமாகவும் இருக்க வேண்டும். ஒரு அளவு பெரிதாக எடுத்துச் சரிக்கட்டாதே, நெஞ்சில் காற்றுப் புகுந்து பை மாதிரி ஆகிவிடும். மிக இறுக்கமும் கூடாது. இழை நசிந்தால் சூடு போய்விடும். கமக்கட்டில் மடிப்பு விழுந்து இழுக்கிறதா என்றும் பார். இழுத்தால் அந்த இடத்தில்தான் முதலில் கிழியும். இணையத்தில் வாங்கினால் 14 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்தானே, அதுவரை விலை மட்டையைக் கழற்றாதே.

சிப்புக்கு உள்ளே ஒரு துணிப்பட்டி இருக்கிறதா, சிப்பின் தலை நாடியில் உரசாமல் மேலே ஒரு மடிப்பு இருக்கிறதா என்று பார். கையுறையோடு பிடிக்கக்கூடிய நீளமான இழுவை வேண்டும். ஏற்றத்தில் வேர்த்தால் சிப்பைப் பாதிவரை இறக்கு, பாலத்தில் காற்றடித்தால் கொலர் வரை ஏற்று. ஜக்கெற்றைவிட இந்தப் பழக்கம்தான் உன்னைக் காப்பாற்றும்.

உள்ளே பருத்தி ரீசேட் போடாதே. மெல்லிய கம்பளி உள்ளுடுப்பு ஒன்று போடு, அது நனைந்தாலும் அவ்வளவு குளிராது. பெருமழைக்கு மேலே ஒரு மழைக்கோட்டு. முதுகுப் பையை நிற்பாட்டு. அது முதுகில் இழையை நசித்து, வேர்வையையும் அடைத்து வைக்கும். பையைக் கரியரில் கொழுவு.

நிறத்துக்கு ஏன் இவ்வளவு நிற்கிறேன் என்று உனக்கு விளங்கும். மார்கழியில் அங்கே சூரியன் எட்டரைக்குப் பிறகுதான் எழும்புகிறது, நாலு மணிக்கு முன்னமே போய்விடுகிறது. நீ போவதும் இருட்டு, வருவதும் இருட்டு. கறுப்பு ஜக்கெற் போட்ட பிள்ளையை லொறிக்காரன் எப்படிக் காண்பான்? முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு லைற் போடுவது அங்கே சட்டமே. சட்டம் இல்லாவிட்டாலும் போடு. பற்றரி இறங்கிவிட்டதா என்று கிழமைக்கு ஒருக்காப் பார்.

இனி விலை. நீ ஏன் கறுப்பை முதலாவதாக அனுப்பினாய் என்று எனக்குத் தெரியும் மகள். மிச்சம் பிடித்து இங்கே அனுப்பத்தான். இந்த மாதம் காசு அனுப்ப வேண்டாம். அப்பாவும் அதையேதான் சொல்கிறார். மழை இந்த முறை நேரத்துக்குப் பெய்தது, வயல் பச்சையாக நிற்கிறது, மாசியில் வெட்டினால் நெல்லு வரும். எனக்கும் தைப்பொங்கல் தையல் வந்து குவிந்திருக்கிறது. குசினிக் கூரை அடுத்த மாரி வரை தாங்கும், ஓட்டை இருந்த இடத்துக்கு அப்பா தகரம் போட்டுவிட்டார். நீ அங்கே நெஞ்சுச் சளியோடு படுத்தால் இந்தக் கூரையை என்ன செய்கிறது? ஜக்கெற் வாங்கி மிச்சக் காசு இருந்தால் நல்ல கையுறையும் ஹெல்மெற்றுக்குக் கீழே காதை மூடுகிற தொப்பியும் வாங்கு. உடம்பு தானாகச் சூடாகும், விரல் நுனியும் காதும் ஆகாது. பிரேக்கைப் பிடிக்க வேண்டிய விரல் மரத்துப்போகக் கூடாது.

வாங்கிவிட்டுப் போன் எடு. எத்தனை மணியானாலும் நான் முழித்துத்தான் இருப்பேன்.

அன்புடன்
அம்மா

பி.கு.: கழுவும்போது சிப்பைப் பூட்டி, உட்பக்கம் வெளியே திருப்பி, குளிர்ந்த தண்ணீரில் போடு. வாசனைக்கு ஊற்றுகிற அந்தத் துணி மென்மையாக்கியை ஊற்றாதே, அது துணியில் படிந்து ஆவி போகிற வழியை அடைக்கும்.