காணாமல் போன முதியவருக்கான அறிவிப்பு: வரைவு பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள சேகர்,

நலம்தானே? வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல். நீ அனுப்பிய வரைவை இரண்டு தடவை படித்துவிட்டேன். முதியவர் ஒருவர் காணாமல் போன உடனே எல்லார் கைபேசியும் ஒன்றாக அலற வேண்டும் என்கிறாய். ஆசை நியாயம்தான். ஆனால் நடந்து போனவரையும் வண்டி ஓட்டிப் போனவரையும் ஒரே கணக்கில் எழுதிவிட்டாயே, அதைத்தான் முதலில் பிரிக்க வேண்டும்.

நீ முன்மாதிரியாகச் சொல்லும் சில்வர் அலர்ட்டையே, அதாவது காணாமல் போன முதியவர்களுக்காக அமெரிக்க மாநிலங்கள் விடும் அறிவிப்பையே எடுத்துக்கொள். 2008 தொடக்கத்தில் புளோரிடாவில் மறதி நோய் இருந்த 86 வயதுப் பெண் ஒருவர், தான் தங்கியிருந்த இல்லத்திலிருந்து காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கார் நீரில் விழுந்து இறந்துபோனார். அதே ஆண்டு அக்டோபரில் ஆளுநரின் ஆணையால் அங்கே திட்டம் வந்தது. இன்றும் அங்கே மாநில அளவில் அறிவிக்க வேண்டுமென்றால் வண்டி இன்னதென்றும் அதன் எண்ணும் தெரிந்திருக்க வேண்டும். நடந்து போனவருக்கு உள்ளூர் அறிவிப்புதான். கல்நெஞ்சம் என்று தோன்றலாம், ஆனால் அது சரியான பிரிவு. நெடுஞ்சாலை மின்பலகையை ஓட்டுநர் பார்ப்பது சில நொடிகள். நிறம், வண்டி வகை, எண் என்று மூன்று வரிக்கு மேல் மனதில் நிற்காது. ‘நீலச் சட்டை போட்ட பெரியவர்’ என்பதை ஐம்பது கிலோமீட்டர் தள்ளிப் போகிறவன் படித்து என்ன செய்வான்?

நடந்து போனவர் பெரும்பாலும் பக்கத்திலேயே இருப்பார். மறதி நோய் உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் கடைசியாகக் காணப்பட்ட இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள் கிடைத்திருக்கிறார்கள் என்பது தேடல் பதிவுகளைத் தொகுத்தவர்களின் கணக்கு. ஒரே போக்கில் நடந்துகொண்டே இருப்பார்கள். வேலியோ புதரோ சேறோ தடுக்கும் இடத்தில் மாட்டி நின்றுவிடுவார்கள், திரும்பி வரத் தோன்றாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பலர் பதில் கொடுப்பதில்லை, சிலர் ஒளிந்துகொள்வதும் உண்டு. ஆகவே குரல் கொடுத்துக்கொண்டே தெருவோடு போவது தேடல் ஆகாது. புதரை விலக்கி, கால்வாயோரம் இறங்கி, நிறுத்தி வைத்த வண்டிக்குள் எட்டிப் பார்த்து, கண்ணால்தான் தேட வேண்டும். நீர்நிலைகளை இருட்டுவதற்கு முன் பார்த்துவிட வேண்டும்.

வரைவில் ‘24 மணி நேரம் கழித்துப் புகார்’ என்று எங்கிருந்து வந்தது? அடித்துவிடு. வீட்டுக்குள் அலமாரி, குளியலறை, மாடி, சுற்றுப்புறம் எல்லாம் பதினைந்து நிமிடம் பார், கிடைக்கவில்லையா, உடனே காவல்துறை. டெக்சஸில் நேரக் கட்டுப்பாடு இதற்கு நேர்மாறு: காணாமல் போன 72 மணி நேரத்துக்குள் அறிவிப்பைக் கேட்டாக வேண்டும். வயது 65 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும் (அல்சைமர் நோய் என்று உறுதியானவருக்கு இந்த வயது வரம்பு இல்லை), மனநலக் குறைபாட்டுக்கு மருத்துவச் சான்றும் வேண்டும். அந்தச் சான்றைத் தேடி அலமாரியைக் குடைவதிலேயே இரண்டு மணி நேரம் ஓடிவிடும்.

அதற்குத்தான் முன்கூட்டியே நிரப்பி வைக்கும் படிவம். பிரிட்டனில் ஹெர்பர்ட் புரோட்டோகால் என்கிறார்கள், நார்மண்டியில் போரிட்ட ஒரு முன்னாள் படைவீரரின் பெயர். உன் வரைவில் இதற்கு அரைப் பக்கமாவது கொடு. உயரம், தழும்பு, மருந்துகள், அவர் எந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பார் (பலருக்கு அது வீட்டில் கூப்பிடும் பெயர்தான்), முன்பு குடியிருந்த வீடுகள், வேலை பார்த்த இடம், வழக்கமாகப் போகும் வழி. ஓய்வு பெற்று இருபது வருடம் ஆனவர் காலை எட்டு மணிக்கு ‘வேலைக்கு’க் கிளம்புவார், ஆகவே பழைய முகவரிகள் அலங்காரம் அல்ல. ஆறு மாதத்துக்குள் எடுத்த படம் இரண்டு வேண்டும், முகம் ஒன்று, முழு உருவம் ஒன்று. அடையாள அட்டைப் படத்தில் இருப்பவரை இன்று யாருக்கும் தெரியாது. வண்டி இருந்தால் பின்பக்கப் படம், எண் தெரியும்படி. மோப்ப நாய்க்காக, துவைக்காத துணி ஒன்றைக் கையுறை போட்டு எடுத்துப் பையில் மூடி வைக்கச் சொல்.

உடை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. என்ன போட்டிருந்தார் என்று நிச்சயமில்லை என்றால் எழுதவே எழுதாதே. ‘வெள்ளைச் சட்டை’ என்று படித்தவன் பழுப்புச் சட்டைக்காரரைப் பார்த்தும் தாண்டிப் போவான்.

கைபேசி அறிவிப்புக்கு வருகிறேன். இதற்குப் பயன்படும் செல் பிராட்காஸ்ட் என்பது குறுஞ்செய்தி அல்ல. கோபுரம் தன் எல்லைக்குள் இருக்கும் எல்லாக் கருவிக்கும் ஒரே நேரத்தில் ஒலிபரப்புகிறது, எண்களின் பட்டியல் தேவையில்லை, நெரிசலிலும் போய்ச் சேரும். அமெரிக்காவில் 360 எழுத்து வரைதான் இடம், படம் வேண்டுமென்றால் இணைப்புதான். ஆம்பர் அலர்ட்டுக்குள் (கடத்தப்பட்ட குழந்தைகளுக்கான அறிவிப்பு) வராமல் காணாமல் போனவர்களுக்கென்று தனி எச்சரிக்கைக் குறியீடு அங்கே 2024 ஆகஸ்டில்தான் ஒப்புதல் பெற்றது. தென்கொரியாவில் 2021 ஜூனிலிருந்து மறதி நோயாளிகள் காணாமல் போனாலும் சுற்றியுள்ளவர்களுக்கு இந்தச் செய்தி போகிறது: பாலினம், வயது, உயரம், எடை, உடை, கீழே ஓர் இணைப்பு. ஜப்பானில் 2023இல் மட்டும் மறதி நோயோடு காணாமல் போனதாக 19,039 புகார்கள். இத்தனைக்கும் கைபேசியை அலறவிட்டால் இரண்டே வாரத்தில் மக்கள் கைபேசியின் செட்டிங்ஸுக்குள் போய் அதை அணைத்துவிடுவார்கள். அப்புறம் குழந்தை கடத்தல் செய்தியும் அவர்களுக்குப் போகாது. அதனால் நடந்து போனவருக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் வட்டம், பகல் நேரம், ஒரே ஒரு முறை என்று எல்லை கட்டு. அதைத் தாண்டினால் பேருந்து ஓட்டுநர், கடைக்காரர், அஞ்சல்காரர், மருத்துவமனை அவசரப் பிரிவு என்று பதிவு செய்தவர்களின் குழுவுக்கு அனுப்பு. ஜப்பானின் எஸ்.ஓ.எஸ். வலைப்பின்னல்கள் அப்படித்தான் ஓடுகின்றன.

கண்டவர் என்ன செய்ய வேண்டும் என்று வரைவில் ஒரு வரிகூட இல்லை. முன்பக்கமாக வந்து, மெதுவாகப் பேசி, கையைப் பிடித்து இழுக்காமல், காவல்துறை வரும்வரை கூடவே நிற்க வேண்டும். ‘பார்த்தேன்’ என்று போன் செய்துவிட்டுப் போய்விட்டால், அடுத்த பத்து நிமிடத்தில் அவர் வேறு தெருவில் இருப்பார்.

இன்னொன்று, ரத்து அறிவிப்பு. ஆள் கிடைத்ததும் ‘கிடைத்துவிட்டார்’ என்று அதே வழியில் போக வேண்டும், படமும் பெயரும் இணையப் பக்கத்திலிருந்து நீங்க வேண்டும். நோயின் விவரம், முகம், வீட்டுப் பகுதி எல்லாம் வருடக்கணக்கில் இணையத்தில் கிடந்தால் ஏமாற்றுக்காரனுக்குத்தான் வசதி. வீட்டு முகவரியும் உறவினர் எண்ணும் அறிவிப்பில் வரவே கூடாது, காவல்துறை எண் ஒன்று போதும்.

பக்கம் நான்கில் உள்ள ஜி.பி.எஸ். வளையல் பகுதியை நீக்கச் சொல்லவில்லை. தினமும் சார்ஜ் போடுவது யார், இரவில் கழற்றி வைத்தால் என்ன என்ற இரண்டு கேள்விக்கும் பதில் எழுதிச் சேர். திருத்திய வரைவை அனுப்பு, படிவத்தை மட்டும் தனித்தாளாக.

அன்புடன்,
ராகவன்