‘மறுபடியும்’ மட்டும்தானா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

யோவான் 3:3-இல் (‘ஒருவன் மறுபடியும் பிறவாவிட்டால் தேவனுடைய ராஜ்யத்தைக் காணமாட்டான்’ என்று நிக்கொதேமு என்ற யூதத் தலைவரிடம் இயேசு சொல்லும் வசனம்) வரும் ‘அனோதென்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு ‘மறுபடியும்’ என்ற ஒரே பொருள்தான் என்று தங்கள் ஞாயிறு பதிப்பின் கேள்வி-பதில் பகுதியில் வந்தது. பாதிதான் சரி.

‘அனோ’ என்றால் மேலே. ‘தென்’ நம் ‘இலிருந்து’ செய்யும் வேலையைச் செய்யும் விகுதி. ஆக, நேர்ப்பொருள் ‘மேலிருந்து’. அதிலிருந்து ‘ஆதிமுதல்’ (லூக்கா 1:3), ‘புதிதாக, மறுபடியும்’ என்றெல்லாம் பொருள் விரிந்தது. வினையடை என்பதால் வேற்றுமையோ எண்ணோ ஏற்காது. வடிவத்தை வைத்துப் பொருளைத் தீர்மானிக்க முடியாது, இடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

புதிய ஏற்பாட்டில் இது 13 முறை வருகிறது. ‘மறுபடியும்’ என்பது தெளிவாகப் பொருந்துவது கலாத்தியர் 4:9-இல். அங்கேயும் பவுல் ‘பாலின்’ (மறுபடி) என்ற சொல்லைப் பக்கத்தில் வைத்துத்தான் எழுதுகிறார். யோவானில் 5 இடங்கள். சர்ச்சைக்குரிய 3:3, 3:7 இரண்டையும் தள்ளி வைத்தால் 3:31, 19:11, 19:23 மூன்றிலும் ‘மேலிருந்து’தான், கடைசியில் சொல்லப்படுவது மேலிருந்து நெய்த அங்கி!

நிக்கொதேமு ‘தியூட்டெரான்’, அதாவது இரண்டாந்தரம், என்று கேட்கிறாரே என்பார்கள். அது அவர் விளங்கிக்கொண்ட விதம். இயேசு அதை ஏற்கவில்லை. 3:5-இல் ஜலம், ஆவி என்று பேச்சைத் திருப்புகிறார். 3:7-இல் இன்னொரு நுட்பம்: ‘உனக்கு’ ஒருமை, ‘நீங்கள் பிறக்கவேண்டும்’ பன்மை. ஆங்கிலத்தில் மறைந்துபோகும் இது, பழைய தமிழ் வேதாகமத்தில் அப்படியே நிற்கிறது.

ஜெரோமின் லத்தீன் வேதாகம மொழிபெயர்ப்பில் வரும் ‘தெனுவோ’ (மறுபடியும்) முதல் ‘மறுபடியும்’ பக்கமே பலர் சாய்ந்தார்கள். குற்றமில்லை. ஆனால் நம் தோட்டப்புற வீட்டு ஜெபக் கூட்டங்களில் போதகர் அதை ‘மறுபிறப்பு’ என்று சுருக்கினால், வந்திருக்கும் இந்து அண்டை வீட்டார் மறுபிறவி என்றுதானே எடுத்துக்கொள்வார்கள்? வகுப்பு நடத்துகிறவர்கள் 3:31-ஐ முதலில் வாசித்துவிட்டு 3:3-க்கு வருவது நல்லது. ஒத்தவாக்கிய அகராதியில் (ஒரு சொல் வரும் வசனங்களைத் தொகுத்துத் தரும் நூல்) ‘மறுபடியும்’ என்று தேடாதீர்கள். ‘பாலின்’ வரும் வசனங்களும் கலந்து வரும். கைப்பேசி வேதாகமச் செயலியில் ‘அனோதென்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கான ஸ்ட்ராங் எண் (மூலமொழிச் சொல் ஒவ்வொன்றுக்கும் தரப்பட்ட வரிசை எண்) 509-ஐத் தேடினால் அந்த 13 வசனங்கள் மட்டும் வரும்.

அடுத்த பதிப்பில் ‘மேலிருந்து’ என்ற பொருளையும் சேர்த்து வெளியிடக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வேதபாட வகுப்பு வாசகர்கள்,
பகாவ், நெகிரி செம்பிலான்