அண்ணன் கன்னத்துத் தழும்பு

அன்புள்ள அக்காவுக்கு,

போன வாரம் கடலூர் பஸ் ஸ்டாண்டில் என்னைக் கூப்பிட்டு நிறுத்தினீர்களே, அப்போது நிஜமாகவே ஆச்சரியப்பட்டேன். ஐசியூவில் அண்ணனைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் நான், மாஸ்க் இல்லாமல் என் முகத்தை நீங்கள் பார்த்ததே இல்லை. குரலை வைத்துக் கண்டுபிடித்ததாகச் சொன்னீர்கள். அண்ணன் பக்கத்தில் நின்று டீயில் பன்னைத் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் இடது கன்னத்தைக் காட்டி, "இந்தத் தழும்பு எப்படி சிஸ்டர் வந்துச்சு? காய்ச்சல்லயா?" என்று கேட்டீர்கள். அதற்குள் பாண்டி பஸ் நகர ஆரம்பித்துவிட்டது, ஓடிப்போய் ஏறிக்கொண்டேன். பஸ் கிளம்பியது அன்றைக்கு எனக்கு வசதியாகத்தான் இருந்தது.

உங்கள் நம்பர் என்னிடம் இல்லை. உங்கள் மகள் எந்நேரமும் போனில் எதையாவது படித்துக்கொண்டிருப்பாளே, அவள் கண்ணில் பட்டால் வாசித்துக் காட்டட்டும் என்று இங்கே எழுதுகிறேன். யார் பெயரும் போடவில்லை.

தழும்பு காய்ச்சலில் வரவில்லை அக்கா. நாங்கள் அண்ணனைக் குப்புறப் போட்டதில் வந்தது.

அன்று சாயங்காலம் ஐசியூ கண்ணாடிக்கு வெளியே நின்று, "உசுரோட இருக்கிற மனுஷனை யாராவது இப்படிக் கவுத்துப் போடுவாங்களா?" என்று அழுதீர்கள். யாரும் வந்து பதில் சொல்லவில்லை. ஒரு பேப்பரில் கையெழுத்து மட்டும் வாங்கினார்கள். அந்தப் பதிலையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அண்ணனுக்கு இரண்டு நுரையீரலிலும் நீர் கோத்திருந்தது. வெண்டிலேட்டரில் 80 சதவீதம் ஆக்சிஜன் கொடுத்தும் ரத்தத்தில் அதன் அளவு 86-ஐத் தாண்டவில்லை. மல்லாக்கப் படுத்திருக்கும்போது நுரையீரலின் பெரும்பகுதி முதுகுப் பக்கம்தான் இருக்கிறது. தோப்பில் முந்திரி மூட்டையை அடுக்கினால் அடிமூட்டை நசுங்குமே, அப்படி நீர் கோத்த நுரையீரலின் கனமும் இதயமும் வயிறும் சேர்ந்து அந்தப் பின்பக்கத்தை அமுக்கிவிடும். மெஷின் தள்ளும் காற்று அங்கே போகாது. முன்பக்கத்தில் இருக்கும் கொஞ்ச நஞ்ச நல்ல பகுதிக்கே எல்லாக் காற்றும் போய், அதையும் ஊதிக் கெடுக்கும். ஆனால் எப்படிப் படுத்தாலும் ரத்தம் அதிகம் ஓடுவது முதுகுப் பக்கம்தான். குப்புறப் போட்டால் நசுங்கிய இடம் விரியும், ரத்தம் இருக்கும் இடத்துக்குக் காற்று போகும், அடைத்திருந்த சளியும் வடியும்.

இது எங்கள் டாக்டரின் சொந்த யோசனை இல்லை. 2013-ல் ஓர் ஆய்வு வந்தது. பிரான்ஸிலும் ஸ்பெயினிலும் 466 பேர், எல்லோரும் அண்ணன் மாதிரி மோசமான நிலையில் இருந்தவர்கள். மல்லாக்க வைத்திருந்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 32.8 சதவீதம், குப்புறப் போட்டவர்களில் 16 சதவீதம். பாதிதான்! அதற்கு முன் 2001-ல் வந்த ஆய்வில் தினமும் ஏழு மணி நேரம்போலப் போட்டுப் பார்த்தார்கள், உயிரிழப்பு குறையவில்லை. அதனால்தான் ஒருமுறை திருப்பினால் 16 மணி நேரமாவது அப்படியே வைக்கிறோம். நீங்கள் ராத்திரி வந்து பார்த்தபோதும் காலையில் வந்து பார்த்தபோதும் அவர் அதே கோலத்தில் கிடந்தது மறதியால் அல்ல.

(கொரோனா சமயத்தில் வீட்டிலேயே தலையணை வைத்துக் குப்புறப் படுக்கச் சொன்னார்களே, அது வேறு. அது முழித்திருப்பவர் தானாகப் படுப்பது, வலித்தால் புரண்டுகொள்வார். அண்ணனுக்கு மயக்க மருந்து ஓடிக்கொண்டிருந்தது.)

திருப்புவதற்கு முன் மூக்குக் குழாய் வழியாகப் போகும் கஞ்சியை நிறுத்தினோம். கண்ணில் மருந்து தடவி, இமையை மூடி டேப் ஒட்டினோம். அரைஞாண் கயிறு வயிற்றுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் தோல் அறுந்துவிடும் என்பதால் அதை வெட்டினேன். நீங்கள் கோபப்பட்ட அந்தக் கயிறுதான். அதற்குக் கீழே, இடுப்பு மடிப்பில், சிகரெட்டால் சுட்டது மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு இருந்தது. புதரில் இருக்கும் உண்ணி கடித்த இடம். உண்ணிக்காய்ச்சலாக இருக்கும் என்று சந்தேகப்பட்டு டாக்டர் மருந்தை முதல் நாளே ஆரம்பித்திருந்தார். பொருக்கைப் பார்த்ததும், "இதான்" என்றார். அதுவரை யாருமே அதைப் பார்க்கவில்லை.

தலைமாட்டில் டாக்டர் வாய் வழியாகப் போகும் மூச்சு டியூபைப் பிடித்துக்கொள்ள, பக்கத்துக்கு இரண்டு பேர் நின்று, இரண்டு பெட்ஷீட்டைப் பாய் மாதிரிச் சுருட்டி, ஒன்று, இரண்டு, மூன்று சொல்லித் திருப்பினோம். அந்த ஒரு நிமிடம் எத்தனை முறை செய்தாலும் எனக்கு வயிற்றைக் கலக்கும். டியூப் உருவிக்கொண்டால் ஆளைத் திரும்பப் பிடிப்பது பெரும்பாடு. பிரஷர் இறங்கலாம், கழுத்தில் மருந்து ஏறும் லைன் பிடுங்கிக்கொள்ளலாம். முதுகெலும்பு உடைந்து நிலையில்லாமல் இருப்பவரை இப்படித் திருப்பவே மாட்டோம்.

இரண்டு மணி நேரத்தில் ஆக்சிஜன் 94-க்கு வந்தது. மெஷினில் 60-க்குக் குறைத்தோம். முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கியதைப் பார்த்து நீங்கள் பயந்தீர்கள், அது நிமிர்த்திய பிறகு வடிந்துவிட்டது. மொத்தம் மூன்று நாள், மூன்று முறை.

இனி தழும்பு. குப்புறப் படுத்தவருக்குத் தாடை, கன்னம், நெஞ்சு, முட்டி எல்லாம் அழுந்தும். அழுத்தப் புண் குப்புறப் போடுபவர்களுக்கே அதிகம் என்று ஆய்வுகளிலும் வந்திருக்கிறது. அதனால் இரண்டு மணிக்கொருமுறை தலையை மறுபக்கம் திருப்பி, கையையும் மாற்றி வைக்க வேண்டும். இரண்டாம் நாள் ராத்திரி 2 மணிக்குச் செய்ய வேண்டியதைப் பக்கத்துப் படுக்கையில் ஒருவருக்கு நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்ததால் நாங்கள் 4.30-க்குத்தான் செய்தோம். டியூபைக் கட்டிய பட்டை அதுவரை அந்தக் கன்னத்தில் அழுந்தியிருந்தது. திருப்பியபோது தோல் கறுத்திருந்தது. ராத்திரியில் இன்னும் ஒரு ஆள் இருந்திருந்தால் அது வந்திருக்காது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். சார்ட்டில் நேரத்தை மாற்றி எழுதவில்லை, அதில் 4.30 என்றே இருக்கிறது. ஆனால் உங்களிடம் வந்து சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். மன்னித்துவிடுங்கள்.

அப்புறம் ஒன்று. அண்ணன் டீ கிளாஸைப் பிடிக்கும்போது இடது சுண்டுவிரல் மடங்காமல் தனியாக நின்றது. மரத்துப்போகிறதா என்று கேளுங்கள். கையை மேலே தூக்கி வைத்திருந்ததில் தோள்பட்டை நரம்பு இழுபட்டிருக்கலாம், முழங்கையில் அழுந்தியிருக்கலாம். தோப்பு வேலைக்குக் கை வேண்டும், வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிடாதீர்கள். செவ்வாய் தவிர எல்லா நாளும் எனக்குப் பகல் டியூட்டிதான். டிஸ்சார்ஜ் பேப்பர் இருக்கும் மஞ்சள் ஃபைலை எடுத்துக்கொண்டு அவரைக் கூட்டி வாருங்கள், நரம்பு டாக்டரிடம் நானே அழைத்துப் போகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சிஸ்டர்