விடை தெரிந்தும் வாய் திறக்காத பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எம்.பி.பி.எஸ். முதலாண்டு ரிசல்ட் வரும்போதெல்லாம் எங்கள் ஊர்ப் பக்கம் ஒரே கேள்விதான்: "7.5-ல போன பிள்ளைங்க பாஸ் பண்ணிருவாங்களா?" அரசுப் பள்ளி மாணவர்களுக்கான அந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. அந்த முதல் செட்டில் சேர்ந்தவன் நான், இப்போது ஹவுஸ் சர்ஜன், அதாவது பயிற்சி மருத்துவர். முதலாண்டில் அனாடமி (உடற்கூறியல்) பெயிலாகி, சப்ளிமென்டரி எழுதித்தான் மேலே வந்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

தியரியில் தேறிவிட்டேன். பிராக்டிகலில்தான் போனது. வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், காறை எலும்பைக் கையில் கொடுத்து, எந்தப் பக்கத்து எலும்பு, எப்படிச் சொல்கிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். வாங்கிப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, வலது. என் வலது தோளுக்கும் நெஞ்செலும்புக்கும் நடுவே சரியாக வைத்தும் காட்டினேன். தட்டையான முனை தோள் பக்கம், உருண்டையான முனை நெஞ்செலும்புப் பக்கம், விழுந்தால் எந்த இடத்தில் உடையும், ஏன் அங்கே உடையும், எல்லாம் மனசுக்குள் தமிழில் ஓடுகிறது, வாயில் ஒரு வாக்கியம் வரவில்லை. "படிக்காமலே வந்துட்டியா?" என்று கேட்டார்கள். அதற்கும் பதில் சொல்லவில்லை.

பன்னிரண்டு வருடம் தமிழில் படித்துவிட்டு வருகிற பிள்ளைக்கு முதல் ஆறு மாதம் பாடத்தை விட மொழிதான் பெரிய பாரம். பக்கத்தில் இருக்கிறவன் பத்து நிமிடத்தில் படிக்கிற பக்கத்துக்கு எனக்கு ஒரு மணி நேரம் ஆகும், அப்புறம் ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்தால் மறுநாள் காலை லெக்சரில் தூக்கம், புரியாததைக் கேட்கலாமென்றால் தப்பாகப் பேசிவிடுவோமோ என்று பயம், கேட்காததால் அடுத்த பாடமும் புரியாது. பள்ளியில் முதல் மார்க் வாங்கினவன் இங்கே கடைசி பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருப்பான். வீட்டுக்குப் போன் பண்ணினால் "நல்லாப் படிக்கிறேம்மா" என்றுதான் சொல்ல முடியும். எங்கள் செட்டுக்குக் கொரோனா வேறு. உடலைத் தொட்டுப் படிக்க வேண்டிய பாடத்தைக் கண்மாய்க் கரையில் சிக்னல் தேடிப் போய் போனில் பார்த்தேன்.

பணமும் ஒரு காரணம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் ஃபீஸை அரசு கட்டிவிட்டது, அது பெரிய உதவி. புத்தகமும், படிக்கத் தேவையான எலும்பு செட்டும் சீனியர்களிடம் வாங்கிச் சமாளித்தோம்.

என்னைத் தூக்கிவிட்டது ஹாஸ்டலில் இருந்த ஒரு சீனியர் அண்ணன். சப்ளிக்கு முன்னால் தினமும் சாப்பாடு முடிந்ததும் மெஸ்ஸிலேயே ஒரு மணி நேரம் உட்கார வைப்பார். முதலில் தமிழில் சொல்லச் சொல்வார், பிறகு அதையே ஆங்கிலத்தில். "தப்பாவே பேசு, ஆனா வாயைத் திற" என்பார். புதிதாக எதையும் அவர் சொல்லித்தரவில்லை. எனக்குத் தெரிந்ததை வெளியே சொல்லப் பழக்கினார், அவ்வளவுதான். பாஸாகிவிட்டேன்.

ஒரு அண்ணன் நல்லவராக அமைந்தால் பிழைப்பது, இல்லாவிட்டால் போவது என்று இதை விட முடியுமா? 2023 விதிமுறைப்படி முதலாண்டுத் தேர்வுக்கு நான்கு வாய்ப்புதான், அதற்குள் தேறாவிட்டால் படிப்பே போய்விடும். தொடக்கத்தில் நடத்துகிற ஃபவுண்டேஷன் கோர்ஸில் ஆங்கிலமும் சொல்லித்தருகிறார்கள், சரி, ஆனால் அது சில வாரத்தில் முடிகிறது, வைவா வருவதோ அதற்குப் பல மாதம் கழித்து.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷனரி டாக்டர் கிறீன் 19-ம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்திருக்கிறார். நான் அவ்வளவு தூரம் கேட்கவில்லை, பரீட்சை ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். முதலாண்டு முழுக்க, கல்லூரியே ஏற்பாடு செய்து, வாரத்துக்கு இரண்டு சாயங்காலம் ஐந்தாறு பேராக உட்கார வைத்து வாய்விட்டுப் பேசப் பழக்க வேண்டும். பி.ஜி. (மேற்படிப்பு) மாணவர்களும் ஹவுஸ் சர்ஜன்களும் சொல்லிக்கொடுப்பார்கள், எங்களைக் கூப்பிட்டால் போதும். முதல் இன்டர்னல் தேர்வில் மார்க் குறைந்த பிள்ளையை எல்லார் முன்னாலும் திட்டாமல், தனியாகக் கூப்பிட்டு எங்கே தடுக்கிறது என்று தமிழில் கேளுங்கள்.

— ஒரு பயிற்சி மருத்துவர்,
விருதுநகர் மாவட்டம்