செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழு நண்பர்களே, வந்திருக்கும் சில உறுப்பினர்களே, வராமல் இருந்துவிட்டு நாளை கடைத்தெருவில் "கூட்டத்தில என்ன பேசுனீங்க" என்று கேட்கப்போகும் பல உறுப்பினர்களே, வணக்கம்.

தக்கலை வட்டாரத்தில் வீட்டுக்காரர்களும் கடைக்காரர்களும் சேர்ந்து நடத்தும் நம் சங்கத்தின் ஓராண்டுப் பணிகளைச் சமர்ப்பிக்கிறேன்.

சுதந்திர தினத்திலும் குடியரசு தினத்திலும் கொடியேற்றினோம். கண் பரிசோதனை முகாம் நடந்தது. நவம்பர் 1, நம் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த நாளில் இனிப்பு வழங்கினோம். ஓடையைத் தூர்வாரச் சொல்லி மனுக் கொடுத்தோம். மனு ரசீது கோப்பில் இருக்கிறது, ஓடை அப்படியே இருக்கிறது.

இனி மின் சிக்கன ஆய்வு. 2024 ஜூலையில் கட்டணம் கூடியதும் கண்டனத் தீர்மானம் போடச் சொல்லிப் பலர் வந்தார்கள். தீர்மானம் போட்டோம். கையோடு, அவரவர் வீட்டிலும் கடையிலும் கரண்டு எங்கே போகிறது என்று பார்த்துவிடலாமே என்றேன். "முப்பந்தலில அத்தனை காற்றாடி சுத்துது, கோதையாறில தண்ணியில கரண்டு எடுக்கான், நமக்கு எதுக்கு சாரே சிக்கனம்?" என்று ஓர் உறுப்பினர் கேட்டார். கைதட்டலும் வாங்கினார். காற்றாடி நம் ஊரில் சுற்றினாலும் பில் நம் மீட்டரைப் பார்த்துத்தான் வருகிறது.

வேலை எளிது. ஒரு வருடத்துப் பில் ஆறையும் வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு வீட்டிலுள்ள சாமான்களை வாட் கணக்கோடு எழுத வேண்டும். கடைசியாக எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டு மீட்டரில் மின்னும் சிவப்பு விளக்கைப் பார்க்க வேண்டும். அப்போதும் மின்னினால் எங்கோ கரண்டு போகிறது என்று பொருள். ஒரு மூத்த உறுப்பினர் வீட்டில் எல்லாவற்றையும் அணைத்த பிறகும் அது விடாமல் மின்னியது. தேடினால், பின்புறச் சாய்ப்பில் விறகுக்குப் பக்கத்தில் பழைய ஃபிரிட்ஜ் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. திறந்தால் ஒரு தண்ணீர் பாட்டிலும் அரைப் பாக்கெட் மிளகாய்ப்பொடியும். கதவு ரப்பரில் ஒரு துண்டுத் தாளை வைத்து மூடி இழுத்தேன். பிடிமானமே இல்லாமல் கையோடு வந்தது. "ஃபிரிட்ஜுக்க கதவில தாளு வச்சு என்ன பாக்குதீரு?" என்று வீட்டம்மா கேட்டார். குளிர் வெளியே போவதைத்தான் பார்க்கிறேன் என்றேன். அப்படிப்பட்ட பழைய பெட்டி ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு யூனிட் இழுக்கும். இரண்டு மாதத்துக்குக் கணக்குப் போட்டால், அவர் ஒவ்வொரு பில்லிலும் 500 யூனிட்டைத் தாண்டிய காரணம் அங்கேயே கிடைத்துவிட்டது. 500 தாண்டினால் 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுக்குக் கிடைத்த சலுகை விலையும் போய்விடும் என்பது பலருக்குத் தெரியவில்லை.

ஃபேன் கணக்கையும் பதிவு செய்கிறேன். பழைய சீலிங் ஃபேன் 75 வாட், குறைந்த கரண்டில் ஓடும் புதுவகை மோட்டார் வைத்த பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் அளவு. நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனுக்கே இரண்டு மாதத்தில் 32 யூனிட் வித்தியாசம். மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் மூன்று கிலோவாட் சோலாருக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டுதானே, நேரே சோலார் போட்டுவிடலாமே என்பவர்களுக்கும் இதுதான் பதில்: முதலில் செலவைக் குறையுங்கள், பிறகு எத்தனை பலகை வேண்டும் என்று பாருங்கள்.

கடைகளுக்கு இலவச யூனிட் கிடையாது. ஆகவே அங்கே ஆய்வு இன்னும் அவசியம். ஒரு பேக்கரியில் ஐஸ்கிரீம் பெட்டியை, ரொட்டி சுடும் அடுப்பான போர்மாவின் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் அடுப்பு சுட, மறுபக்கம் கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடியது. பெட்டியை எதிர்ச்சுவருக்கு மாற்றியதற்கு ஒரு பைசா செலவில்லை. பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனையில் மரச்சட்டச் சன்னல் வழியே காற்று வரும்படி கட்டியிருக்கிறார்கள். நாம் இருந்த ஓட்டுக்கூரையைப் பிரித்துக் காங்கிரீட் போட்டுவிட்டு, அது சுடுகிறது என்று ஏ.சி. வாங்குகிறோம். இது என் சொந்தக் கருத்து, சங்கத்தின் தீர்மானம் அல்ல.

எங்களை மின்வாரியப் பறக்கும் படை என்று நினைத்து நடையைச் சாத்தியவர்களும் உண்டு. மீட்டர் சீலை நாங்கள் தொடுவதில்லை, யாரிடமும் எதையும் சொல்வதுமில்லை. வீட்டு இணைப்பில் கடை நடத்துகிறவர்களின் சங்கடம் புரிகிறது. அதை நாங்கள் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வுக்காகக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரும் வாட் மீட்டரும் வாங்கியது குறித்துக் குழுவில் கேள்வி எழுந்தது. பொருளாளர் ஒப்புதலோடுதான் வாங்கினேன், பில் இருக்கிறது. கேள்வி கேட்டவர் இரண்டு வருடச் சந்தா தரவில்லை என்பதை இங்கே குறிப்பிட விரும்பவில்லை.

டிசம்பர் 14, எரிசக்திச் சேமிப்பு நாளன்று விளக்கக் கூட்டம் வைத்தோம். நாற்காலி வாடகை, மைக், டீ, பழம்பொரி எல்லாம் தயார். வந்தவர்களைவிட நாற்காலிகள் அதிகம். மழை என்றார்கள். அன்று மாலை நடந்த கல்யாண வரவேற்பில் அதே உறுப்பினர்களை நனையாமல் பார்த்தேன்.

வரவு செலவு திருப்திகரமாக உள்ளது. கையிருப்பு சிறிது உண்டு. விவரம் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி மட்டும் வந்துவிட்டால் "சிறிது" என்ற சொல்லை எடுத்துவிடலாம்.

தலைவருக்கும், கணக்குத் தணிக்கை செய்தவருக்கும், மண்டபம் தந்தவர்களுக்கும், என்னோடு ஏணி தூக்கிவந்த இரண்டு கல்லூரி மாணவர்களுக்கும், இந்த வேலைக்காக நான் வீட்டில் இல்லாததைப் பொறுத்துக்கொண்ட என் மனைவிக்கும் நன்றி.

வரும் ஆண்டில் வேறொருவர் செயலாளராக முன்வந்தால் கோப்பையும் மீட்டரையும் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். யாரும் வராவிட்டால் ஆய்வு தொடரும். சந்தா கட்டியவர்கள் வீட்டிலிருந்து தொடங்கும். ஆய்வு வேண்டுவோர் ஒரு வருடத்துப் பில்களை எடுத்து வையுங்கள். சந்தா ரசீதையும்.

இப்படிக்கு,
செயலாளர்