தெருவிளக்கு, மரக்கிளை, பூங்கா நிலம்: ஒரு மாலை நேரக் கூட்டாய்வு கோரி மனு

அனுப்புநர்:
செயலாளர்,
குடியிருப்போர் நலச் சங்கம்,
மடிப்பாக்கம், சென்னை - 91.

பெறுநர்:
மண்டல அலுவலர் அவர்கள்,
மாநகராட்சி மண்டல அலுவலகம்,
சென்னை.

பொருள்: தெருவிளக்குகளை மறைக்கும் மரக்கிளைகளை அகற்றவும், பூங்கா நிலத்தைச் சீரமைக்கவும் துறை அலுவலர்களோடு கூட்டாய்வு நடத்த வேண்டுதல் - சார்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். போன மாதம் எங்கள் குறுக்குத் தெருவில் இரவு எட்டே காலுக்கு ஒரு சங்கிலிப் பறிப்பு நடந்தது. துணிக்கடையில் வேலை பார்க்கும் பெண் ஒருவர், வேளச்சேரியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து மெயின் ரோட்டில் இறங்கி, வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தார். பின்னால் பைக்கில் வந்தவன் இழுத்தபோது அவர் சங்கிலியை விடாமல் பிடித்துக்கொண்டார். அது அறுந்து பாதி அவர் கையில் நின்றது, பாதி போய்விட்டது. கழுத்தில் சிவந்த கோடு ஒரு வாரம் இருந்தது.

காவல் நிலையத்தில் உடனே வழக்குப் பதிந்தார்கள். மறுநாள் காலையிலேயே கேமரா பதிவைப் பார்க்க வந்தார்கள். அந்த இடத்தில் கேமரா இருக்கிறது. சென்னைக் காவல்துறை ‘மூன்றாவது கண்’ என்று தெருவுக்குத் தெரு கேமரா வைக்கச் சொன்ன காலத்தில், வீட்டுக்கு இவ்வளவு என்று பணம் போட்டு நாங்களே வைத்தது. பதிவில் தெரிந்ததோ ஒரு வெள்ளை வட்டம் மட்டும்தான், பைக்கின் ஹெட்லைட். மற்றதெல்லாம் கறுப்பு. “கேமரா நல்ல கேமராதான் சார், வெளிச்சம்தான் இல்லை” என்றார் வந்திருந்த காவலர்.

அங்கே விளக்குக் கம்பம் இல்லையா என்றால், இருக்கிறது. விளக்கு எரியவில்லையா என்றால், எரிகிறது. கம்பத்தை ஒட்டி நிற்கும் தூங்குமூஞ்சி மரம் விளக்கை முழுக்க மூடிக்கொண்டுவிட்டது. எதிர் வீட்டு மொட்டை மாடியில் ஏறிப் பார்த்தால் இலைகளுக்கு நடுவே ஜெகஜோதியாக இருக்கும். கீழே இறங்கி நடந்தால் நம் செருப்பு நமக்குத் தெரியாது.

இதற்காக மாநகராட்சியின் 1913 என்ற புகார் எண்ணில் புகார் பதிந்தோம். விளக்கு இருட்டாக இருக்கிறது என்று சொன்னதால் ஆள் வந்து விளக்கை மாற்றிப் போட்டார், புகார் முடிந்தது. அப்புறம் கிளையை வெட்ட வேண்டும் என்று தனியாகச் சொன்னோம். அதற்கும் வந்தார்கள். கிளைக்குள்ளே மின்கம்பி ஓடுகிறது, லைனை நிறுத்தினால்தான் கத்தி வைக்க முடியும் என்று திரும்பிப் போனார்கள். அது நியாயம்தான், உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். வேறொரு நாள் பராமரிப்புக்காகக் காலை முழுக்க மின்சாரம் நின்றது. அன்றைக்குக் கிளை வெட்ட ஆள் இல்லை. யார் மேலும் குறை சொல்ல இந்த மனுவை எழுதவில்லை. அவரவர் வேலையை அவரவர் செய்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். எல்லோரும் ஒரே நாளில் வரவில்லை, அவ்வளவுதான்.

எனவே ஒரு ஞாயிறு இரவு நாங்களே நோட்டும் கையுமாக ஒவ்வொரு தெருவாக நடந்தோம். மொத்தம் 31 கம்பங்கள். அவற்றில் 8 கம்பங்களில் விளக்கு எரிந்தும் வெளிச்சம் தரையில் விழவில்லை. கம்ப எண்களை இணைப்பில் கொடுத்திருக்கிறோம். மரத்தையே வெட்டிவிடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது இந்தத் தெருவில் நான்கு மரங்கள் போயின. மிஞ்சிய நிழல் இதுதான். விளக்கைச் சுற்றியுள்ள கிளைகளை மட்டும் கழித்தால் போதும்.

அடுத்தது, மூன்றாவது தெருக் கடைசியில் இருக்கும் காலி இடம். லே-அவுட் போட்டபோது பூங்காவுக்கென்று விட்டு, அன்றைய ஊராட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்த ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீடு) நிலம் அது. 2011-இல் மடிப்பாக்கம் மாநகராட்சியோடு சேர்ந்தபோது நிலமும் சேர்ந்தே வந்தது. இன்றைக்கு அதில் சீமைக்கருவேலமும், வீடு இடித்த கல்லும் மண்ணும், மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரும் இருக்கின்றன. ராத்திரி வேளையில் பாட்டிலோடு உட்காருகிறவர்களும் உண்டு. பிள்ளைகள் தெருவிலேயே கிரிக்கெட் ஆடி, வண்டி வரும்போதெல்லாம் ஓரம் ஒதுங்குகிறார்கள். முதியவர்களுக்கு நடக்க இடம் இல்லை. முதலில் நிலத்தை அளந்து, புதரை நீக்கி, வேலி போட்டு, இரண்டு விளக்கு வைத்துக் கொடுத்தால் போதும். நடைபாதைக்கும் பெஞ்சுகளுக்கும் ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மக்கள் பங்காகக் கட்ட வேண்டிய மூன்றில் ஒரு பங்கைச் சங்கம் திரட்டித் தரும். பொதுக்குழுவில் தீர்மானம் போட்டிருக்கிறோம், நகல் இணைப்பில் உள்ளது.

காவல்துறையோடு சேர்ந்து செய்ய வேண்டியதை நாங்கள் செய்துகொண்டுதான் இருக்கிறோம். இரவுக் காவலர் ஒருவரை வைத்திருக்கிறோம். வெளியூர் போகிறவர்கள் வீட்டைப் பூட்டியதும் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போகும் பழக்கம் வந்திருக்கிறது. ரோந்து வரும் காவலர்களின் எண் எல்லோரிடமும் உண்டு. வெளிச்சத்தை மட்டும் எங்களால் வாங்கி மாட்ட முடியவில்லை.

2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று அப்போதைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பம்மலில் ஏரியா சபைக் கூட்டத்தில் (வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடிப் பேசும் கூட்டம்) உட்கார்ந்து மக்களிடம் குறை கேட்டார். எங்களுக்கு அது ரொம்ப தூரம் இல்லை. அதே போல எங்கள் பகுதிக்கான சபைக் கூட்டம் எப்போது நடந்தாலும் சங்கத்துக்கு முன்கூட்டியே தெரிவித்தால், வீட்டுக்கு ஒருவராவது வருவோம்.

இப்போதைக்கு நாங்கள் கேட்பது ஒன்றுதான். மாநகராட்சியின் மின்துறை, பூங்காத் துறை அலுவலர்களையும், மின்வாரியத்தின் உதவிப் பொறியாளரையும் ஒன்றாக அழைத்துக்கொண்டு, தாங்கள் ஒரு மணி நேரம் எங்களோடு இந்தத் தெருக்களில் நடக்க வேண்டும். எந்தக் கம்பத்தில் யார் என்ன செய்வது, லைன் எந்த நாளில் நிறுத்தப்படும் என்பதை அங்கேயே பேசி முடித்துவிடலாம். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் இது நடந்தால் நல்லது. எந்த நாளானாலும் எங்களுக்குச் சரி. மாலை ஆறரை மணிக்கு மேல் வர வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறோம். பகலில் வந்தால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செயலாளர்.

இடம்: மடிப்பாக்கம்

இணைப்பு: கம்ப எண் பட்டியல், புகார் எண்கள், தானப்பத்திர நகல், பொதுக்குழுத் தீர்மான நகல், குடியிருப்போர் கையொப்பங்கள்.

நகல்: காவல் ஆய்வாளர் அவர்கள், மாமன்ற உறுப்பினர் அவர்கள்.