கோவைக்கு ஒரு மெஷின் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

தானமாகக் கிடைக்கும் கல்லீரலை மெஷினில் வைத்து, அதற்குள் ரத்தமோ திரவமோ ஓடவிட்டுப் பாதுகாக்கும் முறை பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். ஐஸ் பெட்டியைவிட அதிக நேரம் தாங்கும் என்பதற்கே பாதிக் கட்டுரை போய்விட்டது. ஈரல் வேலை செய்யுமா என்று பொருத்தும் முன்பே அதில் பார்த்துவிடலாம் என்ற முக்கியமான இன்னொன்றை நாலு வரியில் முடித்துவிட்டீர்கள்.

என் அண்ணன் கோவையில் ஈரலுக்குப் பதிந்துவிட்டுக் காத்திருந்தார். ஐப்பசி மழையில் ஓர் இரவு பதினொன்றரைக்கு போன்: எதுவும் சாப்பிடாமல் உடனே கிளம்பி வாருங்கள். கோவைக்கு இறங்கும் குன்னூர் மலைப்பாதையில் பர்லியார் பக்கம் மரம் விழுந்து, அறுத்து எடுக்கும்வரை ஒன்றரை மணி நேரம் நின்றோம். நீர் கோத்துப் பானையாக இருந்த வயிற்றை ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டே வந்தார். போய்ச் சேர்ந்ததும் ரத்தம் எடுத்து, நெஞ்சும் வயிறும் மழித்து, பச்சை கவுன் மாட்டி உட்காரவைத்தார்கள். விடிந்த பிறகு டாக்டர் வந்தார். ஈரலில் கொழுப்பு அதிகம், பொருத்தினால் வேலை செய்யும் என்று நம்ப முடியாது, வேண்டாம் என்று விட்டுவிட்டோம் என்றார்.

அவர்மேல் குறையில்லை. ஐஸில் கிடக்கும் ஈரலைக் கண்ணால் பார்த்து, தொட்டுப் பார்த்து, துளி கிள்ளி பயாப்ஸிக்கு அனுப்பித்தான் முடிவெடுக்க வேண்டும். உழைக்குமா என்பது உடம்பில் வைத்து ரத்தம் பாய்ந்த பிறகுதான் தெரியும். அண்ணனுக்குப் பங்குனியில் வேறு ஈரல் கிடைத்து நன்றாக இருக்கிறார். ஆனால் அன்றைக்கு ஈரல் கொடுக்கச் சம்மதித்த குடும்பத்திடம் என்ன சொல்லியிருப்பார்கள் என்று இன்னும் நினைத்துக்கொள்கிறேன்.

37 டிகிரியில் ஆக்சிஜன் சேர்த்த ரத்தத்தை ஓட்டினால் ஈரல் வெளியிலேயே வேலையைத் தொடங்கிவிடுகிறது. லாக்டேட் (நன்றாக இருக்கும் ஈரல் ரத்தத்திலிருந்து அகற்றும் ஒரு பொருள்) இறங்குகிறதா, பித்தம் சுரக்கிறதா என்று சில மணி நேரம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். 2018-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், ஐஸில் வைத்தவற்றில் சுமார் 24 சதவீதம் பயன்படாமல் போனது; மெஷினில் வைத்தவற்றில் சுமார் 12 சதவீதம்தான். குளிர்நிலையிலேயே ஆக்சிஜன் சேர்த்த திரவத்தை ஓட்டும் வகையும் உண்டு. 2021-ல் வந்த நெதர்லாந்து ஆய்வில் அது பொருத்திய பிறகு வரும் பித்தநாளச் சுருக்கத்தை (பித்தம் போகும் குழாய் குறுகிவிடுவதை) 18 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைத்தது. ஆனால் அவை இதயம் நின்றவர்களிடமிருந்து எடுத்த ஈரல்கள். நம் ஊரில் மூளைச்சாவுத் தானம்தான் அதிகம். எனவே எங்களுக்கு அந்த 37 டிகிரி மெஷின்தான் அவசரம். மலைப்பாதையில் மரம் அறுக்கும்வரை ஈரலும் பொறுத்திருக்கும்.

கெட்டுப்போன ஈரலை அது நல்லதாக்கிவிடாது. விலையும் அதிகம். ஒவ்வொரு ஈரலுக்கும் புதுக் குழாய் செட் போட வேண்டும், பழகிய ஆள் கூடவே நிற்க வேண்டும். ஒவ்வொரு மருத்துவமனையும் தனித்தனியாக வாங்குவது நடக்காத காரியம். உறுப்புதானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதை என்று 2023-ல் அறிவித்த அரசு, கோவையில் பொதுவாக ஒன்றை வைத்து மேற்கு மாவட்டங்கள் எல்லாவற்றுக்கும் அனுப்பலாமே. குழாய் செட்டின் செலவை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ப்பார்களா என்பதையும் அதிகாரிகளிடம் கேட்டு எழுதுங்கள்.

ஒரு வாசகர்,
அருவங்காடு, நீலகிரி